கடைமடை அறை

2023 ஜூலை முதல் அவ்வாண்டுத் தீபாவளி வரை, ஏறக்குறைய நான்கு மாதங்கள், ஒவ்வோர் இரவும் ஒன்பதரை மணிக்கு அம்மா எங்களுக்குத் திரைப்படக் கதைகள் சொல்லிவந்தாள்.

நாங்கள் மூவர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோவையில், கடைக்குட்டி பெங்களூரில். மூன்று ஊர்களையும் ஒரே அழைப்பில் இணைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்து வீட்டின் இரண்டாம் கட்டில் படுத்திருந்த அம்மாவிடம், "இன்னிக்கு என்ன படம்மா பாத்த?" என்று கேட்போம். 'பாசமலர்' என்பாள். 'திருவிளையாடல்' என்பாள். பிறகு கதை தொடங்கும். நடிகர்களின் பெயர், பாட்டு வரும் இடம், யார் எப்போது அழுதார்கள் என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் வரும். ஒருநாள் 'காதலிக்க நேரமில்லை'. படத்தில் பாலையா கொட்டும் மழையில் நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் வீட்டுக்கு நடந்துவரும் காட்சியை அவள் சொன்னபோது நாங்கள் மூவரும் மூன்று ஊர்களில் சேர்ந்து சிரித்தோம். அழைப்பை முடித்தபின் எங்களுக்குள், 'நல்ல காரியம் செய்தோம்' என்று சொல்லிக்கொண்டோம்.

நல்ல காரியம் என்றது அந்தத் தொலைக்காட்சியை. ஜூன் நடுவில், கொல்லையில் துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வயது எழுபத்தொன்பது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் அதன்பின் பல மாதங்கள் படுக்கையும் வாக்கரும்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உதவிக்கு ஓர் அக்காவை அமர்த்தினோம். பகலெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஏதாவது வேண்டுமே என்று மூவரும் பணம் போட்டு ஒரு ஸ்மார்ட் தொலைக்காட்சி வாங்கினோம். கண்ணாடி இழை இணைய இணைப்பு எடுத்தோம். பழைய படங்கள் நிறைந்த ஒரு சேவைக்குச் சந்தா கட்டினோம். முதல் வாரத்தில் "சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்றாள். உடனே ஒரு ரிப்பீட்டர் வாங்கி கூரியரில் அனுப்பினோம். உதவிக்கு இருந்த அக்கா அதைக் கட்டிலருகே இருந்த மின்செருகியில் பொருத்தினார். "இப்ப கோடு எத்தனை இருக்கு?" என்று கேட்டோம். "எல்லாக் கோடும் இருக்கு" என்றாள் அம்மா. அன்றிரவு முதல் கதைகள் தொடங்கின.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தோம். வெளியே ஐப்பசி மழை. இரவு உணவுக்குப் பின் அம்மாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, 'காதலிக்க நேரமில்லை'யைச் சேர்ந்து பார்ப்போம் என்று போட்டோம். பெயர்கள் ஓடின. பத்து நிமிடத்தில் படம் நின்றது. சுழலும் வட்டம் வந்தது. மீண்டும் ஓடியது, மீண்டும் நின்றது. முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படக் கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு வந்து சேரவே வெகுநேரம் ஆயிற்று. அங்கே, பாலையாவின் கண்கள் அச்சத்தில் விரிந்த கணத்தில், திரை உறைந்தது. அவர் அப்படியே விழித்துக்கொண்டிருந்தார். நாங்களும் விழித்துக்கொண்டிருந்தோம்.

"ஒருநாளாச்சும் முழுசா ஓடியிருக்கா?" என்று கதவோரம் நின்ற அக்காவிடம் கேட்டோம். அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு மெல்ல, "எங்கம்மா ஓடிச்சு? அம்மா கொஞ்ச நேரம் பாப்பாங்க, அப்புறம் நிறுத்தச் சொல்லிடுவாங்க" என்றார்.

அம்மா எங்களைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டாள். "தெரிஞ்ச கதைதானே" என்றாள். சற்றுப் பொறுத்து, "சொன்னா இன்னொரு பொட்டி வாங்கி அனுப்புவீங்க" என்றாள்.

நான்கு மாதங்களாக நாங்கள் கேட்டவை அன்றன்று பார்த்த படங்கள் அல்ல. 1961-லும் 1964-லும் 1965-லும் கொட்டகையில் பார்த்தவை. அறுபதாண்டு பழைய நினைவிலிருந்து இரவுதோறும் எங்களுக்காக ஓட்டிக்காட்டியிருக்கிறாள்.

*

இத்தகைய வேலை எங்களுக்குப் புதிதன்று. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, கடற்கரை ஊரான எங்கள் ஊரில் ஆன்டெனாக்கள் வீட்டுக்கு வீடு உயர்ந்தன. அப்பா மொட்டைமாடியில் குழாயைப் பிடித்துத் திருப்புவார். கூடத்தில் எங்களில் ஒருவர் திரையைப் பார்ப்போம், முற்றத்தில் ஒருவர் நின்று செய்தியை மேலே அனுப்புவோம். 'வருது', 'போச்சு', 'இன்னும் கொஞ்சம் கிழக்கே', 'நிறுத்துங்கப்பா, அப்படியே விடுங்க!' கையை எடுத்ததும் படம் போய்விடும். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. அலை சரியாக வரவில்லையென்றால் திரையில் புள்ளிகள் மழையாகப் பொழியும். குறை எதுவோ அது கண்முன் இருக்கும். இப்போதைய கருவி அப்படியில்லை. கோடுகள் நிரம்பியிருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே வட்டத்தைச் சுழற்றுகிறது.

மறுநாள் காலை முதற்காரியமாகச் செய்ய வேண்டியதை நாங்கள் ஐந்து மாதம் கழித்துச் செய்தோம். வீட்டை அளந்தோம். அலையின் வலிமையை எண்ணாகக் காட்டும் ஒரு செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, வாசலிலிருந்து கொல்லை வரை நடந்தோம்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. தெருவை நோக்கிய அகலம் 18 அடிதான். நீளமோ 110 அடி. திண்ணை, ரேழி, முற்றத்துடன் கூடிய கூடம், இரண்டாம் கட்டு, சமையலறை, கிணறு, கொல்லை என்று ரயில்பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர்கள். கூடத்தையும் இரண்டாம் கட்டையும் பிரிக்கும் சுவர் ஒன்றரை அடி கனம். அப்பாவின் கடைசிக் காலத்தில் மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றை இரண்டாம் கட்டில் கட்டினோம். அதை ஒட்டிய அறைதான் இப்போது அம்மாவுடையது. அவளைக் கூடத்துக்கு மாற்றலாமே என்றால், இரவில் நான்கு முறை எழுந்திருப்பவளுக்கு அது நடவாத காரியம்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் தெருக் கம்பத்திலிருந்து இழையை இழுத்து, வீட்டுக்குள் நுழைந்த முதல் சுவரில், மின்மீட்டர்ப் பலகைக்குக் கீழே, குடைகளும் செருப்புகளும் கிடக்கும் மூலையில் ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் தொலைபேசியில் "எங்கே சௌகரியமோ அங்கே வையுங்கள்" என்று சொல்லியிருந்தோம்.

அலையின் வலிமையை டிபிஎம் என்னும் அலகில் குறிக்கிறார்கள். அது எதிர்ம எண். சுழியை நெருங்க நெருங்க நல்லது. ரேழியில் –38. கூடத்தின் நடுவில் –55. இரண்டாம் கட்டின் வாசற்படியில் –73. ரிப்பீட்டரை அணைத்துவிட்டு அம்மாவின் தலைமாட்டில் பார்த்தபோது –84. தடையில்லாமல் படம் பார்க்க –67 அளவிலாவது இருப்பது நல்லது என்பார்கள். இந்த எண்களை நாம் சாதாரண எண்களாக எண்ணிவிடக் கூடாது. பத்து குறைந்தால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். இருபது குறைந்தால் நூற்றில் ஒன்று. அந்தக் கணக்கில், செருப்பு மூலையில் கிடைப்பதில் ஏறத்தாழ நாற்பதாயிரத்தில் ஒரு பங்கே அம்மாவின் கட்டிலை எட்டியது.

இதற்கு நாங்கள் ஆகஸ்டில் செய்திருந்த வைத்தியம் என்ன தெரியுமா? நொடிக்கு 100 மெகாபிட் என்றிருந்த திட்டத்தை 200 ஆக உயர்த்தினோம். மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டினோம்.

டெல்டாவில் பிறந்த நாங்கள் இந்தத் தவறைச் செய்திருக்கக் கூடாது. எங்கள் மாவட்டம் காவிரியின் கடைமடை. மேட்டூரில் எத்தனையாயிரம் கனஅடி திறந்தாலும், வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் கடைமடை வயலுக்கு ஈரம் வராது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஆண்டும் வழக்கப்படி ஜூன் 12 அன்றே அணையைத் திறந்தார்கள். நாகை வட்டாரத்தில் குறுவை காய்ந்ததையும் பார்த்தோம். அம்மா படுத்திருந்த அறை எங்கள் வீட்டின் கடைமடை. நாங்கள் மேட்டூரில் திறப்பைக் கூட்டிக்கொண்டே இருந்தோம்.

திரைப்படம் ஓடுவதற்கு உண்மையில் அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. முழு உயர்தெளிவுப் படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் போதும் என்றே நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. இத்தகைய சேவைகள் படத்தைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கின்றன. நாம் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சி அடுத்தடுத்த துண்டுகளை வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. வரத்து குறைந்தால் தரம் குறைந்த துண்டுகளைக் கேட்டு வாங்குகிறது. முகங்கள் சதுரமாவது அப்போதுதான். அதுவும் வந்து சேராமல் சேமிப்பு தீரும்போது வட்டம் சுழல்கிறது. ரவுட்டர் அருகே நின்று அளந்தால் எங்களுக்கு 190 மெகாபிட் கிடைத்தது. அம்மாவின் கட்டிலில், மழைநாள் மாலையில், இரண்டுகூட இல்லை.

அப்படியானால் எல்லாக் கோடும் நிரம்பியிருந்தனவே, எப்படி? கட்டிலருகே இருந்த ரிப்பீட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் இடையே நான்கடி தூரம். அந்த நான்கடியின் வலிமையைத்தான் தொலைக்காட்சி கோடுகளாகக் காட்டியது. ரிப்பீட்டர் தனக்கு வருவதை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் கருவி. தனக்கே வராததை அது எங்கிருந்து கொடுக்கும்? ஆனால் கொடுக்கும் குரல் மட்டும் உரக்க இருக்கும். இதைப் புரிந்துகொண்டபோது எங்களில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரவு ஒன்பதரை மணி அழைப்புகள்தாம் மூவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். கோடு எத்தனை என்று கேட்டோமே தவிர, படம் எங்கே நிற்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

*

சுவரைத் தாண்டி அலை போகும் என்பதை 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ் ஊருக்குக் காட்டினார். கம்பியில்லாமல் அனுப்பிய அலை தொலைவில் மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. அவர் ஆய்ந்தவை மில்லிமீட்டர் அளவிலான நுண்ணலைகள். நம் வீட்டு வைஃபை அலை அவற்றைவிடப் பெரியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அதில் பாதிக்கும் குறைவு. சின்ன அலை வேகமாகத் தகவலைச் சுமக்கும், ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். நீர் இரண்டையுமே உறிஞ்சும். சுண்ணாம்புச் சுவர் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் குடித்து நிற்கும்போது அலைக்கு அது இன்னும் கனத்துப் போகிறது. உலோகம் உறிஞ்சுவதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறது. நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அப்பா காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்தப் புத்தகம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வைஃபைக்கு அதெல்லாம் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை 2005-இல் இந்திய அரசு உரிமத்திலிருந்து விடுவித்தது. யாரும் கேட்காமல் பேசலாம் என்றால் எல்லோரும் பேசுவார்கள். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. செயலியில் பார்த்தபோது ஒன்பது வீட்டு ரவுட்டர்கள் தெரிந்தன. பெரும்பாலானவை ஆறாம் தடத்தில் நெரிந்துகொண்டிருந்தன, எங்களுடையதும் அங்கேதான். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்குபவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே. எங்களுடையதைப் பதினொன்றுக்கு மாற்றினோம்.

பிறகு ரவுட்டரைச் செருப்பு மூலையிலிருந்து எடுத்து, கூடத்தை நோக்கிய வாசற்படிக்கு மேலே, ஏழடி உயரத்தில் ஒரு பலகை அடித்து வைத்தோம். அதன் குச்சிகள் நேராக நின்றால் அலை பக்கவாட்டில் நன்றாகப் பரவும் என்பதால் அவற்றை நிமிர்த்தினோம். அம்மாவின் தலைமாட்டில் –84 ஆக இருந்தது –80 ஆயிற்று.

அடுத்தது பீரோ. கூடத்தின் கடைசிச் சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேல், நிலைக்கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ. ரவுட்டருக்கும் அம்மாவின் அறைக்கும் ஒரு நூல் பிடித்தால் அது சரியாகப் பீரோவின் நெற்றியில் முட்டும். நாங்கள் மூவரும், அண்டைவீட்டுத் தம்பி ஒருவரும் சேர்ந்து அதைப் பக்கச் சுவருக்கு நகர்த்தினோம். –74. ஆறு டெசிபல் என்றால் நான்கு மடங்கு. இத்தனை நாள் வந்ததில் முக்கால் பங்கை அந்தப் பீரோ தடுத்துக்கொண்டிருந்தது.

கடைசியாக ரிப்பீட்டரை அம்மாவின் அறையிலிருந்து எடுத்து, கூடத்தின் பின்கோடியில், அதற்கே நல்ல அலை கிடைக்கும் இடத்தில் பொருத்தினோம். இந்த வகை ரிப்பீட்டர் ஒரே வாயால் கேட்கவும் பேசவும் வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். இருந்தாலும் பகலில் ஆறு, ஏழு மெகாபிட் வந்தது. அன்றிரவு படம் போட்டோம். இரண்டு முறைதான் நின்றது.

"போதும்ப்பா, இதுவே அதிகம்" என்றாள் அம்மா.

அந்தப் 'போது'மை நம்புவதில்லை என்று நாங்கள் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தோம்.

*

நிச்சயமான வழி ஒன்றே ஒன்று. கம்பி. ரவுட்டரிலிருந்து அம்மாவின் அறை வரை ஒரு கேட் சிக்ஸ் கம்பியை இழுத்து, அந்த முனையில் இன்னொரு ரவுட்டரை வைத்துவிட்டால், சுவரோ மழையோ அண்டைவீடோ ஒன்றும் செய்யாது. செப்புக் கம்பி 100 மீட்டர் வரை வேகம் குறையாமல் கொண்டுபோகும். எங்களுக்குத் தேவையோ முப்பது மீட்டருக்குள். ரேழியிலிருந்து கூடத்துக்கு வாசற்படியின் மேலாகப் போகலாம். அம்மாவின் அறைக்குள் கதவுக்கு மேலுள்ள காற்றுத்துளை வழியாக நுழையலாம். நடுவில் அந்த ஒன்றரை அடிச் சுவர் மட்டுமே தடை. அங்கிருக்கும் ஒற்றைக் கதவை இரவில் சாத்துவதால் அந்த வழி ஆகாது.

துளை போடலாமா என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. மூத்தவர் கூடாது என்றார். சுண்ணாம்புச் சுவரில் துளைக்கருவியை வைத்தால் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், தாத்தாவின் சுவர் என்றார். இளையவர், சுவர் பெரிதா அம்மா பெரிதா என்று கேட்டார். நடுவில் இருப்பவர் இருவருக்கும் பொதுவாக, கம்பி இல்லாமலே இயங்கும் விலை கூடிய மெஷ் கருவிகளைப் பற்றிப் பேசினார். அவற்றுக்கும் இதே சுவரைத்தான் தாண்ட வேண்டும் என்று மற்ற இருவரும் அவர்மேல் பாய்ந்தோம். குரல்கள் உயர்ந்தன. பேச்சு சுவரைவிட்டு, யார் எத்தனை முறை ஊருக்கு வந்தோம் என்ற இடத்துக்குப் போயிற்று. அது எங்கே போய் முடியும் என்று மூவருக்குமே தெரியும்.

உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"எதுக்கு ஓட்டை போடணும்? அங்கதான் ஓட்டை இருக்கே."

"எங்கம்மா?"

"பீரோ இருந்த இடத்துக்கு மேல. காலண்டர் ஆணிக்குப் பக்கத்துல. சிமெண்டு வெச்சுப் பூசியிருக்கும். தட்டிப் பாருங்க."

தட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் ஓசை மாறியது.

அன்று மாலைதான் அந்தத் துளையின் கதையைக் கேட்டோம். 1963-இல் அம்மா மருமகளாக இந்த வீட்டுக்கு வந்தாள். வால்வு வானொலி கூடத்தில் தாத்தாவின் சாய்வு நாற்காலி அருகே இருந்தது. அவர் இருக்கும்போது மருமகள் கூடத்தில் வந்து நிற்கும் வழக்கம் இல்லை. இலங்கை வானொலியில் பாட்டு ஒலிக்கும்போது அவள் இரண்டாம் கட்டுக் கதவருகே, பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாளாம். சுவர் கனமாதலால் ஓசை வரும், வார்த்தை வராது. அப்பா இதைக் கவனித்திருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா ஒரு கல்யாணத்துக்காக மாயவரம் போன இரண்டு நாளில், உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து சுவரைக் குடைந்து, உள்ளே ஒரு மூங்கில் குழாயைச் செருகி, வானொலியின் பின்பக்கச் செருகியிலிருந்து கம்பி இழுத்து, சமையலறையில் ஒரு மரப்பெட்டி ஒலிபெருக்கியை மாட்டிவிட்டார். தாத்தா திரும்பி வந்து அதைப் பார்த்தாராம். கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு, "சத்தம் நல்லா கேக்குதா?" என்று மட்டும் கேட்டாராம்.

"அவர் என்கிட்ட நேரா பேசினது அதான் முதல்" என்றாள் அம்மா.

தொலைக்காட்சி வந்தபின் ஒலிபெருக்கி பரணுக்குப் போயிற்று. துளையைப் பூசிவிட்டார்கள். பீரோ அதன்முன் வந்து நின்றது. பிள்ளைகள் நாங்கள் யாரும் அதை அறியவில்லை.

*

மறுநாள் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்தார். சிமெண்டை மெல்லக் கொத்தியதும் மூங்கில் தெரிந்தது. உள்ளே அரைவிரல் அகலம்தான். கம்பியின் முனையில் செருகி மாட்டியிருந்தால் நுழைந்திருக்காது. வெறுங்கம்பியை நுழைத்து, மறுபக்கம் எடுத்தபின் செருகியைப் பொருத்துவதே முறை என்று அவர் சொன்னார். மூங்கிலுக்குள் பழைய இரட்டைக்கம்பியின் ஒரு துண்டு இன்னும் கிடந்தது. அதன் முனையில் புதிய கம்பியைக் கட்டி இழுத்தார். பழையது வெளியே வர, புதியது உள்ளே போயிற்று. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. கம்பி 28 மீட்டர் பிடித்தது.

மறுமுனையில் எங்களிடம் சும்மா கிடந்த ஒரு பழைய ரவுட்டரை வைத்தோம். அதில் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தி, வெறும் அலைபரப்பியாக மாற்றினோம். ஒரு வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் குழப்பம்தான். பெயரையும் கடவுச்சொல்லையும் முன்னதுபோலவே வைத்தோம். தடத்தை மட்டும் வேறாக்கினோம். தொலைக்காட்சிக்கு வைஃபையே வேண்டாம் என்று அதன் பின்புறச் செருகியில் நேரடியாக ஒரு கம்பியைச் சொருகினோம். அம்மாவின் கைபேசியில் அந்த அறையின் அளவு –41 என்று காட்டியது. கூட்டிய திட்டத்தை மறுபடி நூறுக்கே இறக்கிவிட்டோம். கம்பிக்கும் கூலிக்கும் ஆன செலவு, அதுவரை வீணாகக் கட்டிய கூடுதல் பணத்தைவிடக் குறைவு.

அன்றிரவு மழை கொட்டியது. 'காதலிக்க நேரமில்லை' மீண்டும் முதலிலிருந்து. பாலையா பயந்தார், உறையவில்லை. தொடர்ந்து பயந்துகொண்டே போனார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். படம் முடியும்வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எந்தக் கணம் வட்டம் வருமோ என்று அஞ்சியபடி இருந்தோம். வரவில்லை.

முடிந்தபின் எங்களில் இளையவர் கேட்டார்: "அம்மா, அந்த மழைக் காட்சி எங்க? பாலையா செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு வருவாருன்னு சொன்னியே?"

அம்மா சற்று யோசித்தாள். "வரலையே" என்றாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "அது படத்துல இல்ல போல. படம் விட்டு வரும்போது மழை புடிச்சுக்கிச்சு. உங்கப்பாதான் அப்படி வந்தார். புதுச் செருப்பு" என்றாள்.

நாங்கள் ஊர் திரும்பினோம். அதன்பின் மழைக்காலங்கள் வந்துபோயின. கம்பி அப்படியே இருக்கிறது. அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக் கூடம் வரை வருகிறாள். ஆனாலும் படம் பார்ப்பது அவள் அறையில்தான். இரவு ஒன்பதரை மணி அழைப்பும் தொடர்கிறது. கோடு எத்தனை என்று நாங்கள் கேட்பதில்லை. எந்த இடத்தில் நின்றது என்றே கேட்கிறோம். நிற்பது இப்போது படம் அல்ல. முக்கால்வாசிப் படம் ஓடியதும் அம்மா உறங்கிவிடுகிறாள். "மீதியை நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்" என்கிறாள். கதை தெரியுமே என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சதும் அதுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாக்கணும்ல" என்கிறாள்.